டைனோசர் பொன்னாடை

மேடையில், கூட்டமே பார்த்துக்கொண்டிருக்க, நாமே ஒருவருடைய தோளில் போர்த்திய துணியை, மரியாதை குறையாமல் திரும்பக் கேட்பது எப்படி?

எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வேதியியலில் முதுகலை படித்திருக்கிறேன். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த டிகிரிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (கேட்காவிட்டாலும் சொல்வேன் என்பது என் கணவரின் புகார்.) ஆனால் இந்த ஒரு கேள்விக்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை.

எல்லாம் ஒரு புகைப்படத்தில் தொடங்கியது. என்னோடு கல்லூரியில் படித்த ஒருத்தி இப்போது வியன்னாவில் இருக்கிறாள். போன டிசம்பரில் தன் மகளோடு எடுத்த படங்களை வரிசையாகப் போட்டிருந்தாள். கம்பளித் தொப்பி போட்ட குழந்தை மியூசியத்தில் நிற்கிறது. அதே குழந்தை வயலின் கச்சேரியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறது. நான் என் மகனைத் திரும்பிப் பார்த்தேன். கவினுக்கு அப்போது மூன்று வயது. மண்ணச்சநல்லூரில், எங்கள் வீட்டுக் கூடத்தில், காலி அரிசிச் சாக்குக்குள் இறங்கி நின்றுகொண்டு சாக்கின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, நம்ம புள்ளைக்கு நாம எதுவுமே காட்டலையே" என்றேன்.

"என்னத்தக் காட்டணும்?"

"மியூசியம். நேர்ல உக்காந்து பாட்டுக் கச்சேரி. சின்ன வயசுலயே கேட்டாத்தான் மூளை நல்லா வளருமாம்."

என் கணவர் செந்தில் அரிசி ஆலை ஒன்றில் விற்பனையைப் பார்த்துக்கொள்பவர். கையில் இருக்கும் சரக்கை வைத்தே எதையும் முடித்துவிடுவார். "இதுக்கு எதுக்கு வியன்னா? திருச்சில மியூசியம் இருக்கு. ஸ்ரீரங்கத்துல மார்கழிக் கச்சேரி நடக்குது. குளிரும் இருக்கு. ரூம் போட்டு ரெண்டு நாள் தங்கிருவோம்" என்றார்.

(குளிர் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் குளிர்காலம் என்றால் மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்பது.)

என் மாமியாருக்கு விஷயம் பிடிபடவே இல்லை. "ஸ்ரீரங்கத்துல ரூமா? பஸ் ஏறுனா அரை மணி நேரத்துல வீட்டுக்கு வந்து படுத்துக்கலாமேடா?"

"வீட்டுக்கு வந்து படுத்துட்டா அது டூர் இல்லம்மா."

"அப்ப பஸ்ஸ விட்டு எறங்காம அங்கயும் இங்கயும் ரெண்டு தடவ சுத்திட்டு வாங்க. அது டூர்தானே?"

கடைசியில் அவரே புளிசாதம் கட்டிக் கொடுத்தார். வழியில் சாப்பிட. வழி முடிவதற்குள் டப்பாவின் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை.

ஸ்ரீரங்கத்து லாட்ஜில் மேனேஜர் எங்கள் ஆதார் அட்டையையும் எங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஏகாதசிக்காக ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வந்தவர்கள் பின்னால் வரிசையில் நின்றார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, "மண்ணச்சநல்லூரா? வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா சார்? பெரியவங்ககிட்ட நான் வேணா பேசட்டுமா?" என்றார்.

"இல்லைங்க, டூர் வந்திருக்கோம்" என்றார் செந்தில்.

மேனேஜர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

இப்போது போர்வையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கவினிடம் ஒரு போர்வை உண்டு. ஒரு பக்கம் அரக்கு நிறம், வழவழவென்று இருக்கும். மறுபக்கம் பச்சையில் ஆரஞ்சு நிற டைனோசர்கள். பிறந்ததிலிருந்து அந்தப் போர்வை இல்லாமல் அவன் ஒரு பொழுதும் தூங்கியதில்லை. துவைத்துக் காயப்போட்டால் கொடிக்குக் கீழே நின்று அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருப்பான். ஒருமுறை மழையில் காயாமல் போனது. அன்று வீட்டில் யாருமே தூங்கவில்லை, எதிர்வீடு உட்பட. ஆகவே நாங்கள் எங்கே போனாலும் போர்வை என் கைப்பையில் இருக்கும். பர்ஸை மறந்திருக்கிறேன், கைப்பேசியை மறந்திருக்கிறேன். போர்வையை மறந்ததில்லை.

முதல் நாள் மியூசியம். கவினுக்குக் குரங்குத் தொப்பி, ஸ்வெட்டர், அதற்கு மேல் போர்வை. வெயில் சுளீரென்று அடித்தது. டிக்கெட் கொடுத்தவர், "புள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ரயில் மியூசியத்தில் கவின் ஒரு பழைய எஞ்சின் முன்னால் போய் நின்றான். நகரவே இல்லை.

"வாடா, அடுத்தது பாக்கலாம்."

"எப்பக் கெளம்பும்?"

"இது கெளம்பாதுடா. மியூசியம்."

"அப்ப ஏன் டிக்கெட் வாங்குனோம்?"

செந்தில் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவன் எஞ்சின் கிளம்பும் வரை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் மற்ற எதையும் நாங்கள் பார்க்கவில்லை. புளிசாதத்தை அந்த எஞ்சினின் நிழலில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். கலைக்கல்வியில் பாதி போயிற்று. கச்சேரியிலாவது மீதியை மீட்டுவிட வேண்டும் என்று மனதுக்குள் உறுதி எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் உத்திர வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் ஒரு சிறிய சபாவின் கச்சேரி. பாட்டு ஓர் அம்மா, நடுத்தர வயது, வெளியூரிலிருந்து வந்திருந்தார். வயலினும் மிருதங்கமும் இளைஞர்கள். குழந்தை அழுதால் உடனே வெளியே ஓட வசதியாக நடைபாதையை ஒட்டிய ஓர நாற்காலியைத் தேர்ந்தெடுத்தேன். கவலைப்படும் தாய்மார்கள் எல்லோரும் அப்படித்தான் உட்காருவார்கள். அதுதான் வினையாயிற்று.

மண்டபத்தில் ஏசி குளிர்ந்தது. ஆனால் கவின் ஸ்வெட்டருக்குள் வேர்த்துக்கொண்டிருந்தான். போர்வையை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன், அரக்குப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. சுற்றிலும் பட்டுப் புடவைகள், மடிசார்கள். அந்த இடத்தில் டைனோசரைக் காட்டி மானத்தை வாங்க வேண்டாம் என்றுதான். (இந்த முன்யோசனை இல்லாதிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.)

ஒரு மணி நேரம் நல்லபடியாகப் போனது. ஒரு பாட்டு முடிந்த கைதட்டலில் சபாவின் காரியதரிசி குனிந்தபடி நடைபாதையில் ஓடி வந்தார். என் பக்கத்தில் நின்றார்.

"அம்மா, ஒரு சின்ன ஒத்தாசை. பாடறவாளுக்குப் பொன்னாடை போத்தணும். சீஃப் கெஸ்ட் அம்மா காவேரிப் பாலத்துல டிராஃபிக்ல மாட்டிண்டுட்டா. லேடி ஆர்ட்டிஸ்டுக்கு நான் போய்ப் போத்தறது சரியா இருக்காது. லேடீஸ் யாராவது வரணும்."

"நானா? எனக்குச் சங்கீதமெல்லாம் தெரியாதுங்க. வேற யாராச்சும் பெரியவங்க..."

"முன் வரிசை மாமிகளுக்கெல்லாம் முழங்கால் வலி. படி ஏற மாட்டா. நீங்க ஓரமா உக்காந்திருக்கேள்."

பெரியவர்கள் சொன்னால் தட்டக்கூடாது என்று வளர்த்துவிட்டார்கள். கவினைச் செந்திலிடம் தள்ளிவிட்டு எழுந்தேன். காரியதரிசி பொன்னாடையைக் கவரிலிருந்து பிரித்து, மடித்து, என் இடது கையில் போட்டார். அதே கையில் போர்வையும் இருந்தது. பொன்னாடையும் அரக்கு நிறம். (தமிழ்நாட்டில் பொன்னாடைகளில் பாதி அரக்கு நிறம்தான். மீதி பச்சை.) வலது கையால் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு மேடைப் படியில் கால் வைத்தபோதுதான் நினைவு வந்தது, செருப்பு! அதுவும் வார் கொக்கி வைத்த செருப்பு. இரண்டு துணிகளையும் படியில் வைத்தேன், குனிந்தேன், கொக்கியோடு போராடினேன், கழற்றினேன், துணிகளை அள்ளிக்கொண்டு ஏறினேன். அள்ளியதில் மேலே இருந்தது கீழே போயிருக்கும் என்பது அந்தப் பதற்றத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

"நம் சபாவின் சார்பில் இந்த அம்மா பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பார்" என்று ஒலிபெருக்கி சொன்னது. இந்த அம்மாவின் பெயரைக் கேட்க யாருக்கும் நேரம் இல்லை. மேலே இருந்த துணியை விரித்தேன்.

"கேமராவைப் பாருங்க மேடம்!" என்றார் போட்டோக்காரர்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பொன்னாடை போர்த்தும்போது போர்த்துகிறவரும் பார்ப்பதில்லை, போர்த்திக்கொள்கிறவரும் பார்ப்பதில்லை. இருவரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். பாடகி கைகூப்பிச் சிரித்தார். பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. கூட்டம் வழக்கப்படி கைதட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, பிறகு என்ன இருந்தாலும் தட்டிவைப்போம் என்பது போல மறுபடி தட்டியது. முன் வரிசை மாமி ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் மண்டபத்தைக் கிழித்தது.

"அம்மா! அது என்னுது!"

மெதுவாகத் தலையைத் திருப்பினேன். பாடகியின் இடது தோளில் ஆரஞ்சு நிற டைனோசர் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. முதுகில் ஒரு குடும்பமே இருந்தது. உண்மையான பொன்னாடை சரிகையோடு என் கையில் பத்திரமாகத் தொங்கியது.

என்ன செய்திருக்கலாம் என்று அதன்பின் பல முறை யோசித்திருக்கிறேன். 'மன்னிக்கணும், மாறிப்போச்சு' என்று சிரித்தபடி எடுத்திருக்கலாம். அதன் மேலேயே பொன்னாடையையும் போர்த்தியிருக்கலாம். மயங்கி விழுந்திருக்கலாம். நான் செய்தது, அந்த அம்மாவைக் கும்பிட்டுவிட்டு, "இறங்குங்கோ, நேரமாறது" என்று காரியதரிசி சொன்னதும் சமர்த்தாக இறங்கி வந்தது. செருப்பைக்கூட மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.

"என்ன பண்ணிட்டு வந்திருக்க?" என்றார் செந்தில். அவர் கை கவினின் வாயைப் பொத்தியிருந்தது.

"எனக்குத் தெரியலைங்க."

"இவன் தூங்கவே மாட்டானே! லாட்ஜ்ல பக்கத்து ரூம்ல எல்லாம் விடியக்காலம் கோயிலுக்குப் போறவங்க படுத்திருக்காங்க."

கவினின் உதடு பிதுங்கியது. அடுத்த நொடி அலறல் வரும் என்று எனக்குத் தெரியும். செந்தில் அவன் காதில் குனிந்து சொன்னார்: "அந்த ஆன்ட்டிக்குக் குளிருதுடா தங்கம். பாட்டு முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துருவாங்க."

கவின் யோசித்தான். ஒப்புக்கொண்டான். நிமிர்ந்து உட்கார்ந்து மேடையைப் பார்க்கத் தொடங்கினான்.

அதற்குப் பிறகு அவன் கச்சேரி கேட்டது போல் ஸ்ரீரங்கத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கண் இமைக்கவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. பாட்டு முடியும்போதெல்லாம் எல்லோருக்கும் முன்னால் பலமாகக் கைதட்டிவிட்டு, "முடிஞ்சிருச்சா?" என்று கேட்பான். அடுத்த பாட்டு தொடங்கினால் பெருமூச்சு விடுவான். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கத் தொடங்கியபோது பொறுமை போய்த் தொடையில் அடித்துக்கொண்டான்.

பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் தோள் பக்கம் குனிந்தார். "தாளம் போடறான் பாத்தேளா! என்ன ஞானம்! யார்கிட்ட கத்துக்கறான்?"

"வீட்லதாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

"கண்ணுல ஜலம் வரது பாருங்கோ. ராகம் புரிஞ்சாத்தான் அப்படி வரும்."

மேடையில் அந்த அம்மா போர்வையைக் கழற்றவே இல்லை. மற்றவர்கள் என்றால் பொன்னாடையை மடித்துப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். இவர் ஏசிக் காற்றுக்கு இதமாக இழுத்துப் போர்த்திக்கொண்டார். மேல் ஸ்தாயிக்குக் கை உயரும்போதெல்லாம் கக்கத்திலிருந்து ஒரு டைனோசர் எட்டிப் பார்த்தது. வியன்னாத் தோழியின் மகள் கன்னத்தில் கை வைத்திருந்தாள். நான் தலையில் கை வைத்திருந்தேன்.

மங்களம் முடிந்தது. மாமியார் சரியாக அப்போது போன் செய்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அய்யய்யோ! புள்ளை எப்படித் தூங்கும்? போய்க் கேட்டு வாங்கிரு."

"சரிங்க அத்தை."

"இரு இரு. மரியாதையாப் போத்துனதத் திருப்பிக் கேக்கக் கூடாதும்மா. கேக்காத."

"சரிங்க அத்தை."

"ஆனா புள்ளை தூங்கணும்ல? கேட்ரு. கேட்ட மாதிரி இல்லாம கேளு."

செந்திலைப் பார்த்தேன். "நீங்க போய்க் கேளுங்களேன்."

"நானா? ஒரு லேடிகிட்டப் போய், போத்தியிருக்கறதக் கழட்டிக் குடுங்கன்னு நான் எப்படிக் கேக்கறது? உதைப்பாங்க."

கவின் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. பாட்டு முடிந்துவிட்டது, ஒப்பந்தப்படி பொருள் வர வேண்டும். மேடைக்குப் பின்னால் இருந்த சிறிய அறைக்குள் நேராக நடந்தான். நாங்கள் ஓடினோம். உள்ளே பாடகி நாற்காலியில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். போர்வை தோளில்தான். பக்கத்தில் வயலின், மிருதங்கம், காரியதரிசி. கவின் போர்வையின் ஒரு முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"வாடா கண்ணா" என்றார் பாடகி.

"பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றேன் நான். என் வாய் அதைத்தான் சொன்னது. "குரல் அப்படியே... இந்தக் குளிர்ல... தொண்டைக்கு இதமா..." கேட்டது போல் இல்லாமல் கேட்பது எப்படி என்று மாமியார் சொல்லித்தந்திருக்கலாம்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வெந்நீரைக் கீழே வைத்தார்.

"கேப்பேள் கேப்பேள்னு பாத்தேன். கேக்கவே மாட்டேங்கறேளே! கொழந்தையோடதுதானே இது?"

"உங்களுக்குத் தெரியுமாங்க?" என்றேன்.

"தோள்ல விழுந்த ஒடனே தெரிஞ்சுது. பொன்னாடைன்னா கழுத்துல அரிக்கும். இது அரிக்கலை. அப்பறம் பால் வாசனை. பல்லவி பூரா பால் வாசனை."

"அப்ப ஏங்க கழட்டலை?"

"எப்படிக் கழட்டறது? அத்தனை பேர் முன்னாடி மரியாதை பண்ணியிருக்கேள். எடுத்துக் கீழ வெச்சா உங்களை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடாதோ? எங்க பக்கத்துல இப்படிப் போத்தற வழக்கம் இல்லை. சரி, உங்க ஊர்ல உண்டோ என்னமோன்னு நெனைச்சுண்டேன்."

"நான் ஏதோ பிஸ்கட் கம்பெனி விளம்பரம்னு நெனைச்சேன்" என்றார் வயலின்.

காரியதரிசி மட்டும் என் கையில் இருந்த பொன்னாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரமாக அதைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். நீட்டினேன். பாடகி வாங்கினார், விரித்தார், எழுந்து வந்து என் தோளிலேயே போர்த்தினார். "ஒரு தாய்க்கு எத்தனை வேலை, அதுல இது வேற" என்றார். நான் அழுதுவிட்டேன். (அரித்தது. அதற்காக அழவில்லை.)

பிறகு அவர் கவினிடம் திரும்பினார். போர்வையைத் தன் தோளிலிருந்து எடுத்து, உதறி, டைனோசர் வெளியே தெரிய அவன் தோளில் போர்த்தினார். "என் கச்சேரியை இப்படி யாரும் கேட்டதில்லை. இந்த மகா ரசிகருக்கு!" என்றார். வயலின், மிருதங்கம், காரியதரிசி எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்துப் பாடம் படித்திருந்த என் மகன், அந்த அம்மா செய்தது போலவே கைகூப்பி, தலை சாய்த்து, மெல்லச் சிரித்தான். ஆட்டோ லாட்ஜ் வாசலுக்கு வருவதற்குள் தூங்கிப்போனான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன்.

மறுநாள் வீட்டில் தூக்க நேரம் வந்தது. போர்வையைக் கவின் மேல் போட்டேன். எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தான். எழுந்து நின்று, கைகூப்பி, காத்திருந்தான். அன்று தொடங்கியது. தூங்குவதற்கு முன் செந்தில் கரண்டியை ஒலிபெருக்கியாகப் பிடித்து அறிவிக்க வேண்டும். நான் போர்த்த வேண்டும், முகம் கேமராவைப் பார்த்து. மாமியார் கைதட்ட வேண்டும். கைதட்டல் குறைந்தால் மறுபடி முதலிலிருந்து. விருந்தாளிகள் இருந்தால் அவர்களும் தட்டியாக வேண்டும். லால்குடிச் சித்தப்பா ஒருமுறை தட்ட மறுத்து, வெகுநேரம் கழித்து, எல்லோர் நலனையும் உத்தேசித்துத் தட்டினார்.

வீட்டில் இப்போது சாவி, சீப்பு, கத்தரிக்கோல், எது காணாமல் போனாலும் மாமியார் ஒன்றுதான் சொல்கிறார்: "யாருக்காச்சும் போத்திட்டு வந்துட்டியான்னு நல்லா யோசிச்சுப் பாரும்மா."

அதைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆனால் இந்த ஜூனில் கவின் எல்கேஜி சேர்ந்தான். அங்கே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தைகளைத் தூங்க வைப்பார்கள். போன வாரம் அவன் மிஸ் என்னை அழைத்தார்.

"உங்க பையன் போத்திவிட்டு, கை தட்டுனாத்தான் தூங்கறான் மேடம். நான் போத்திவிட்டேன், எல்லாப் பிள்ளைங்களும் கை தட்டுனாங்க. சரி, ஒரு நாள்தானேன்னு இருந்தேன். இப்ப கிளாஸ்ல எல்லாப் பிள்ளையும் துண்டு கொண்டு வருது. ஒவ்வொண்ணுக்கா போத்தி, பேர் சொல்லி, கை தட்டி முடிக்கறதுக்குள்ள பெல் அடிச்சிருது. யாரும் தூங்கறதே இல்லை. நேத்து எனக்கே போத்திவிட்டுட்டாங்க. நீங்கதான் ஆரம்பிச்சீங்க, சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு வரும்போது நிறுத்தறதுக்கு ஒரு வழியோட வாங்க."

பிள்ளை வளர்த்தவர்களே, பெற்றவர்களே, பள்ளி நடத்துகிறவர்களே! மேடை, அறிவிப்பு, கைதட்டல் எதுவும் இல்லாமல் ஒரு சாதாரணக் குடிமகனைப் போல என் மகன் தூங்க என்ன செய்ய வேண்டும்? ஒரேயடியாக நிறுத்தலாமா, கைதட்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமா? குறைத்தால் அவன் மனம் உடைந்துவிடுமா? உடையாது என்று எப்படித் தெரியும்? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். சனிக்கிழமைக்கு முன்னால் கிடைத்தால் நல்லது. இந்தப் பக்கத்தைப் படித்துச் சிரித்தவர்கள் வேறொன்றும் எழுத வேண்டாம், ஒரு நாள் மதியம் வந்து கைதட்டிவிட்டுப் போனால் போதும். எங்களுக்குக் கை வலிக்கிறது.